அப்பாவின் கைக்கு ரோபோ கையுறை வாங்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. கரூரில் தையல் கடை வைத்திருக்கிறார். நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. கால் தேறிவிட்டது, கைத்தடி ஊன்றி நடக்கிறார். பேச்சும் பரவாயில்லை. வலது கையைத் தோள் உயரம் வரை தூக்குகிறார், விரல்களை மடக்குகிறார். விரிக்க மட்டும் முடியவில்லை. இணையத்தில் 'ரோபோ கையுறை' விளம்பரம் பார்த்துவிட்டு, 22 ஆயிரம் ரூபாய்தானே, வாங்கிவிடலாம் என்கிறான் தம்பி. 30 நாளில் கை பழையபடி ஆகிவிடும் என்கிறார் விற்பவர். அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டு, ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொல்கிறாள். மற்றபடி நன்றாக இருக்கிறார்; பிபிகூட சரியாக இருப்பதால் மாத்திரையை நிறுத்திவிட்டோம். கையுறை வாங்கலாமா? சித்தி மகனுக்குக் கண்ணாடி வெட்டி, விரல் நரம்பு அறுந்து, மூன்று வாரத்துக்கு முன் ஆபரேஷன் நடந்தது. அவனும் அதே கையுறையைப் போட்டுக்கொள்ளலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒரு வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பிபி சரியாக இருப்பதால் மாத்திரையை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மாத்திரை சாப்பிட்டதால்தான் பிபி சரியாக இருந்தது. ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு மறுபடியும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அடுத்த முறை வந்தால் கையோடு நின்றுவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு, இன்றோ நாளையோ, அப்பாவைப் பார்த்த டாக்டரிடமோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்துப் போங்கள். பிபி பார்த்து, அவர்கள் சொல்லும் அளவில் மாத்திரையைத் திரும்பத் தொடங்குங்கள். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையையும் சேர்த்து நிறுத்தியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். கையுறை விஷயம் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் குடி முழுகிவிடாது. இது அப்படியல்ல.

இனி கையுறைக்கு வருகிறேன். இப்போதைக்கு வாங்க வேண்டாம். நான் பிசியோதெரபிஸ்ட், பக்கவாதம் வந்த கைகளோடுதான் என் வேலை நேரத்தில் பெரும்பகுதி போகிறது. இந்தக் கையுறைகளை நானும் பயன்படுத்துகிறேன், அவற்றின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் விளம்பர வீடியோவில் விரல்கள் அழகாக விரிந்து மூடுகின்றனவே, அதைச் செய்வது நோயாளி அல்ல. கையுறையோடு இணைத்த பம்பிலிருந்து வரும் காற்று. எந்த நோயாளிக்குப் போட்டாலும், முதல் நாளிலேயே, அது அப்படித்தான் விரியும். முப்பதாவது நாள் கையுறையைக் கழற்றினால் விரல் தானாக விரிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் காட்சி பெரும்பாலான வீடியோக்களில் இருக்காது.

அப்பாவால் மடக்க முடிகிறது, விரிக்க முடியவில்லை என்பது நாங்கள் அடிக்கடி பார்க்கிற நிலைதான். விரல்களைத் தனித்தனியாக, நுட்பமாக அசைக்கும் கட்டளை, மூளையின் மேற்பகுதியிலிருந்து தண்டுவடத்துக்கு நேராக இறங்கும் நரம்புப் பாதை வழியாகப் போகிறது. அப்பாவுக்கு மூளையின் இடது பக்கத்தில் அந்தப் பாதைதான் சேதமாகியிருக்கிறது. மூளைத் தண்டிலிருந்து இறங்கும் வேறு சில பாதைகள் மிச்சமிருக்கும். அவை கொஞ்சம் வேலையைத் தம் தலையில் போட்டுக்கொள்ளும். கையை மொத்தமாக மடக்குவதற்கு அவை போதும், விரல்களை நீட்டிப் பிரிப்பதற்கு அவை போதாது. கூடவே மடக்கும் தசைகளில் இறுக்கமும் ஏறிவிடுகிறது. அதனால் மடக்குவது முதலில் திரும்பும், விரிப்பது பின்தங்கும். சிக்னே பிரன்ஸ்ட்ரோம் என்ற பிசியோதெரபிஸ்ட் கை தேறிவரும் வரிசையைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே படிப்படியாக எழுதி வைத்தார். இன்றும் எங்கள் கேஸ் ஷீட்டில் அவர் பெயரிலுள்ள நிலை எண்ணைத்தான் குறிக்கிறோம்.

ஆக, திரும்ப வரவேண்டியது விரிக்கும் கட்டளை. அந்தக் கட்டளையை மூளை அனுப்ப முயலும்போது, அதே நொடியில் விரல் கொஞ்சமாவது நகர்ந்து, நகர்ந்த உணர்வு மூளைக்குத் திரும்பிப் போக வேண்டும். இது நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் நடக்க நடக்க, மிச்சமிருக்கும் நரம்புகள் புது இணைப்புகளைப் பலப்படுத்திக்கொள்கின்றன. நோயாளி டிவி பார்த்துக்கொண்டிருக்க, கையுறை தன்பாட்டுக்கு விரித்து மூடினால் இதில் பாதிதான் நடக்கும். முக்கியமான பாதி நடக்காது.

கையுறைகளிலும் பல வகை உண்டு. உங்கள் தம்பி பார்த்தது அநேகமாகக் காற்றுக் கையுறை. விரல்களின் முதுகுப்புறம் மடிப்பு மடிப்பாக ஒரு குழாய் ஓடும். சின்னப் பெட்டியிலுள்ள பம்ப் காற்றை அடைத்து விரல்களை நகர்த்தும். சிலவற்றில் நல்ல கைக்கு மெல்லிய சென்சார் கையுறை ஒன்றும் வரும். நல்ல கையை விரித்தால் இந்தக் கையும் விரியும். இரண்டாவது வகையில் மோட்டாரே கிடையாது, ஸ்பிரிங்கோ எலாஸ்டிக்கோதான். அப்பா நூல் வெட்டுவாரே, அந்தக் குட்டிக் கத்தரி மாதிரி: அழுத்துவது மனிதர் வேலை, விட்டவுடன் விரிப்பது ஸ்பிரிங்கின் வேலை. அமெரிக்காவின் சேபோ நிறுவனம் செய்வது இந்த வகை. மூன்றாவது வகை கையை நகர்த்தவே நகர்த்தாது. விரல் அசைவை அளந்து திரையில் ஒரு விளையாட்டாகக் காட்டும். தென்கொரியாவின் நியோஃபெக்ட் கையுறை அப்படிப்பட்டது. நான்காவது வகை முன்கைத் தசையில் எழும் மெல்லிய மின் சமிக்ஞையைத் தோல் மேலிருந்தே கண்டுபிடித்து, நோயாளி முயன்றால் மட்டும் உதவும். ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஹேண்ட் ஆஃப் ஹோப்' இதில் பெயர் பெற்றது. இவற்றையும் தாண்டி ஒன்று வந்திருக்கிறது. மூளை அலையைத் தலைக்கு மேலிருந்து படித்து விரலை விரிக்கும் 'இப்சிஹேண்ட்' கருவிக்கு 2021இல், மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஆராய்ந்து அனுமதிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. அதன் விலையை விசாரித்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த வகையானாலும் நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: நோயாளி முயல்கிறாரா என்பது இந்தக் கருவிக்குத் தெரியுமா? உங்கள் பட்ஜெட்டில் கிடைக்கும் காற்றுக் கையுறைகளில் பலவற்றுக்குத் தெரியாது. இயந்திரம் முழு வேலையையும் செய்துகொடுத்தால் மனித உடம்பு தன் பங்கைத் தானாகக் குறைத்துக்கொள்கிறது. இது சோம்பேறித்தனம் அல்ல, நரம்பு மண்டலத்தின் இயல்பே அதுதான். பக்கவாத நோயாளிகளை ரோபோவோடு பயிற்சி செய்ய வைத்த ஆய்வாளர்கள் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் தேவைக்கு மட்டும் உதவு, மிச்சத்தை நோயாளிக்கு விட்டுவிடு என்ற கணக்கில் நல்ல கருவிகளை வடிவமைக்கிறார்கள்.

அப்படியானால் சும்மா விரித்து மூடுவதால் பயனே இல்லையா? உண்டு. இறுகிப்போகிற விரல் மூட்டுகள் கொஞ்சம் இளகியிருக்கும். உள்ளங்கையைக் கழுவ, நகம் வெட்ட வசதியாக இருக்கும். பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் போட்டால் கையை விரிக்கச் சுலபமாக இருப்பதாகப் பலர் சொல்கிறார்கள். இதையெல்லாம் உங்கள் அம்மாவின் கைகளும் செய்யும். ஆனால் அம்மாவுக்குக் கைவலிக்கும், சமையல் இருக்கும். கையுறைக்கு அதெல்லாம் இல்லை. இந்த அளவுக்கு அதை மதித்தால் ஏமாற்றம் வராது.

பெரிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் பார்த்துவிடலாம். பிரிட்டனில் 770 பக்கவாத நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ரோபோப் பயிற்சி. ஒரு குழுவுக்கு அதே அளவு நேரம் தெரபிஸ்ட் கொடுக்கும் தீவிரப் பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். வாரம் மூன்று நாள், நாளுக்கு 45 நிமிடம், 12 வாரம். 2019இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: வழக்கமான சிகிச்சையைவிட ரோபோ கையின் செயல்பாட்டைக் குறிப்பிடும்படி கூட்டவில்லை. அந்த ரோபோ பெரிய இயந்திரம், கையுறை அல்ல. இருந்தாலும் பாடம் பொருந்தும். அதற்கு முந்தைய வருடம், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 45 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து வெளியிட்ட தொகுப்பு, இயந்திரப் பயிற்சியால் கையின் பலமும் அன்றாட வேலைகளும் ஓரளவு முன்னேறுகின்றன என்றது. இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்வதாக நான் நினைக்கவில்லை. இயந்திரம் கூடுதல் பயிற்சியைக் கொடுக்கிறது, அந்தக் கூடுதலுக்கு ஏற்ற பலன் கிடைக்கிறது. அதே கூடுதலை வேறு வழியில் கொடுத்தாலும் கிட்டத்தட்ட அதே பலன்தான். 30 நாளில் பழையபடி ஆகும் என்று இந்த ஆய்வுகளில் எதுவும் சொல்லவில்லை.

நம் ஊரிலும் இந்த வேலை நடக்கிறது. வேலூர் சிஎம்சியும் ஐஐடி மெட்ராஸும் சேர்ந்து 'புளூட்டோ' என்ற கைப்பயிற்சி ரோபோவை உருவாக்கின. அதில் ஒரே ஒரு மோட்டார்தான். கைப்பிடியை மாற்றி மாற்றிப் பொருத்தி, மணிக்கட்டுக்கும் முன்கைத் திருப்பலுக்கும் கையை விரித்து மூடுவதற்கும் பயிற்சி கொடுக்கலாம். நோயாளி திரையில் விளையாட வேண்டும்; முயற்சி அவருடையது, உதவி இயந்திரத்தினுடையது. இது மாதிரிக் கருவி இருக்கிற மையத்துக்கு ஒருமுறை போய், அப்பாவைக் காட்டி மதிப்பீடு செய்துகொள்வது 22 ஆயிரம் ரூபாய்க் கையுறையைவிட நல்ல செலவு.

இனி வீட்டிலேயே ஒரு சோதனை. அப்பாவை மேசைக்கு முன் நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். வலது முன்கை முழுவதும் மேசை மேல் இருக்கட்டும். கடையில் மிஞ்சும் வெட்டுத்துணி ஒன்றைக் கசக்கி உள்ளங்கைக்குக் கீழே வையுங்கள். அதைப் பிடித்துத் தூக்கி, அப்புறம் விடச் சொல்லுங்கள். விடுவதைத்தான் கவனிக்க வேண்டும். உதறாமல், இடது கையால் பிடுங்காமல், எவ்வளவு தாமதமானாலும் சரி, துணி கீழே விழுகிறதா? அடுத்து உள்ளங்கை கீழே பார்த்தபடி, மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். அதை மேலே தூக்கப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் நுனிகள் நூலளவு நகர்ந்தாலும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். நீங்களே மெதுவாக அவர் மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கம் மடக்கிக்கொண்டு விரல்களை விரித்துப் பாருங்கள். அந்த நிலையில் விரல்கள் முழுதாக விரிந்தால் மூட்டுகள் நன்றாக இருக்கின்றன, தடுப்பது தசை இறுக்கம் என்று அர்த்தம். மணிக்கட்டை மடக்கியும் விரியவில்லை என்றால் மூட்டோ தசையோ சுருங்கிப்போயிருக்கலாம். அதை எந்தக் கையுறையும் இழுத்துச் சரிசெய்யாது. முரட்டுத்தனமாக இழுத்தால் கெடுதல்தான் வரும், டாக்டரிடம் காட்டுங்கள்.

துணியை விட முடிகிறது, விரல் கொஞ்சம் நீள்கிறது என்றால் அப்பாவுக்கு மிக நல்ல வழி ஒன்று இருக்கிறது. அதற்குக் கையுறை தேவை, ஆனால் அது இடது கைக்கு! நல்ல கையைத் தடித்த உறைக்குள் போட்டுக் கட்டிவைத்து, பலவீனமான கையையே வேலை செய்ய வைக்கும் முறை அது. உளவியலாளர் எட்வர்ட் டாப் அதற்கு அடிப்படை போட்டார். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதமான 222 பேரிடம் அதைச் சோதித்தார்கள். முடிவு 2006இல் வந்தது. விழித்திருக்கும் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு நல்ல கை உறைக்குள்ளேயே இருந்தது, இரண்டு வாரம். கூடவே தினமும் மணிக்கணக்கில் பயிற்சி. முன்னேற்றம் ஒரு வருடம் கழித்தும் நிலைத்தது. ஆனால் அதில் சேர, விரல்கள் குறைந்தது 10 டிகிரியாவது தானாக நீள வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அப்பா இப்போது நான்காவது மாதத்தில் இருக்கிறார். அந்தச் சோதனையில் சேர்த்தவர்களின் காலக் கணக்குக்குள் அவரும் வருகிறார். வீட்டில் அவ்வளவு கடுமையாக வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று மணி நேரம், உட்கார்ந்திருக்கும்போது மட்டும். நடக்கும்போதும் படியேறும்போதும் அடுப்புப் பக்கம் போகும்போதும் உறையைக் கழற்றிவிடுங்கள். தடுமாறினால் பிடித்துக்கொள்ள அவருக்கு இருப்பது அந்த ஒரு கைதான்.

எத்தனை முறை செய்வது? வட அமெரிக்க மையங்களில் எண்ணிப் பார்த்தபோது, ஒரு பயிற்சி வேளையில் கையால் செய்ய வைத்த செயல்கள் சராசரியாக 32தான் என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. எங்கள் தொழிலுக்கே வெட்கமான எண் அது. விலங்குகளிடம் மூளை மாறுவதைக் காட்டிய சோதனைகளில் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருந்தது. அதனால் நாளைக்கு 200, 300 முறை என்று இலக்கு வையுங்கள், நான்கைந்து வேளையாகப் பிரித்து. வெறும் விரி, மூடு என்று சொன்னால் மூன்றாம் நாள் அலுத்துவிடும். அவர் தொழிலையே பயிற்சியாக்குங்கள். வெட்டுத்துணிகளை ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றட்டும். கசங்கிய துணியை மேசையில் விரித்து உள்ளங்கையால் நீவட்டும். நூல் கண்டைப் பிடித்து நகர்த்தட்டும். பிறகு பெரிய பட்டன்கள். சரியாக வந்தது, வராதது எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணுங்கள். வராத முயற்சியிலும் மூளை வேலை செய்கிறது.

துணியை விட முடியவில்லை, விரல் அசையவே இல்லை என்றால் கண்ணாடியிலிருந்து தொடங்குங்கள். மேசையில் ஒரு கண்ணாடியை நெட்டுக்குத்தாக, நெஞ்சுக்கு நேர் நடுவில் நிறுத்துங்கள். வலது கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். இடது கையை அதற்கு முன்னால் விரித்து மூடினால், கண்ணாடியில் வலது கையே விரிவதுபோல் தெரியும். அதைப் பார்த்தபடி மறைந்திருக்கும் வலது கையையும் விரிக்க முயல வேண்டும். நாளுக்கு அரைமணி போதும். இதைக் கண்டுபிடித்தவர் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன். துண்டிக்கப்பட்ட கையில் வலிப்பதாக உணர்பவர்களுக்காக 1990களில் அவர் செய்த கண்ணாடிப் பெட்டிதான், 1999இல் பக்கவாதக் கைக்கும் வந்தது. 2018இல் 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு, மற்ற சிகிச்சையோடு சேர்த்துச் செய்தால் இது பயன் தருகிறது என்றது. நல்ல கையின் சென்சாரோடு வரும் காற்றுக் கையுறை எனக்குப் பிடித்திருப்பதும் இதனால்தான். ஆனால் அப்பா அதைப் பார்த்துக்கொண்டு, கூடவே முயல வேண்டும்.

கண்ணாடியோடு, முன்கையின் முதுகுப்புறத் தசைகளுக்கு மின் தூண்டல் கொடுக்கலாம். பிசியோதெரபி மையங்களில் பெரும்பாலும் கருவி இருக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இறுக்கம்தான் பெரிய தடை என்றால், மடக்கும் தசைகளில், தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போடலாமா என்று மறுவாழ்வு மருத்துவரிடமோ நரம்பியல் டாக்டரிடமோ கேளுங்கள். அதன் வேலை சுமார் மூன்று மாதம் இருக்கும். அந்த மூன்று மாதத்தில் விரிக்கும் பயிற்சியைக் கொட்டித் தீர்க்காவிட்டால் ஊசிக் காசு வீண்.

கை எவ்வளவு தேறும் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்கத் தயங்கியிருக்கலாம். பக்கவாதம் வந்த முதல் 72 மணி நேரத்தில் விரலைக் கொஞ்சம் நீட்டவும், கையைத் தோளிலிருந்து பக்கவாட்டில் கொஞ்சம் விலக்கித் தூக்கவும் முடிந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும், 98 சதவீதத்தினருக்கு, ஆறாவது மாதத்தில் ஓரளவு கைத்திறன் திரும்பியதாக 2010இல் வந்த நெதர்லாந்து ஆய்வு சொல்கிறது. இரண்டும் இல்லாதவர்களில் நான்கில் ஒருவருக்குத் திரும்பியது. ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு மூன்று நாட்களில் அப்பாவின் கை எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். தானாகத் தேறுவதில் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்தில் நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் பயிற்சியால் முன்னேற்றம் வரும், ஆனால் மெதுவாக. நான்காம் மாதத்தில் விரல் சிறிதும் நீளவில்லை என்றால், பட்டன்ஓட்டை கட்டுகிற, கைத்தையல் போடுகிற பழைய நுட்பம் அந்தக் கைக்கு முழுதாகத் திரும்புவது கடினம். அப்பாவிடம் இதை இப்போதே உடைத்துச் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தில் ஒருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

அம்மாவின் எண்ணெய்க்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். மென்மையாகத் தேய்க்கட்டும்; கையைப் பிடித்து இழுக்கவோ தோளைச் சுழற்றவோ கூடாது. பலமிழந்த தோள் மூட்டு சுலபமாக இறங்கிவிடும், வலி தொடங்கினால் பயிற்சியே நின்றுபோகும். பந்தைப் பிசைவது? அதனால் இறுக்கம் கூடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். பலப்படுத்தும் பயிற்சி இறுக்கத்தைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. எனக்கு அதில் ஆட்சேபம் வேறு. மடக்குவது அப்பாவுக்கு ஏற்கெனவே வருகிறது. வராததற்குச் செலவிட வேண்டிய அரைமணியை, வந்ததற்கே செலவிடுகிறோம். பந்தை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

கடைக்கு எப்போது போகலாம் என்றும் யோசித்திருப்பீர்கள். இப்போதே, நாளைக்கு ஒரு மணி நேரம் போகலாம். காலால் மிதிக்கும் மெஷின் அவருக்குச் சரிவராது: சக்கரம் வலது கைப் பக்கம் இருக்கிறது, மிதியில் வலது காலும் வேண்டும். மோட்டார் வைத்த மெஷினாக மாற்றி, பெடலை இடது காலுக்கு நகர்த்துங்கள். துணியை ஊசிக்குள் செலுத்துவதை இடது கை பார்த்துக்கொள்ளும். வலது கை துணியின் ஓரத்தில், ஊசியிலிருந்து தள்ளி, தாங்கிக்கொண்டு மட்டும் இருக்கட்டும். அதற்கு முன் கண்ணை மூடச் சொல்லி விரல்களைத் தொட்டுப் பாருங்கள். எந்த விரல் என்று சொல்லத் தெரியாவிட்டால் ஊசி, கத்தரி, இஸ்திரிப்பெட்டி மூன்றும் அந்தக் கைக்கு அருகில் வரக் கூடாது. அளவெடுப்பதும் வாடிக்கையாளரிடம் பேசுவதும் எப்போதும் அவருடையதாகவே இருக்கட்டும். டேப்பின் ஒரு முனையை நீங்களோ தம்பியோ பிடித்துக்கொள்ளலாம்.

பயிற்சிக்குத் தினமும் மையத்துக்கு அலைய முடியாவிட்டால், தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். எப்படியும் பிபி பார்க்க அங்கே போகத்தானே போகிறீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தம்பி கையுறை வாங்கத்தான் போகிறான் என்றால், பணம் கட்டுவதற்கு முன் விற்பவரிடம் சில விஷயங்களைக் கேட்கட்டும். மருத்துவக் கருவியாகப் பதிவான பொருளா? அப்பாவின் கை அளவுக்கு வருகிறதா? மணிக்கட்டைத் தாங்க ஏற்பாடு உண்டா? கட்டைவிரலை எந்தப் பக்கம் நகர்த்துகிறது? மலிவுக் கையுறைகளில் பல இதில்தான் சறுக்குகின்றன. கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே திசையில் தள்ளிவிடும். வேகத்தையும் அழுத்தத்தையும் குறைக்க முடியுமா, ஒரு விரலை மட்டும் நிறுத்தி வைக்க முடியுமா, காற்றுக்குழாய் கிழிந்தால் கையுறை மட்டும் தனியாகக் கிடைக்குமா, பொருந்தாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா? "கழற்றிய பிறகு விரல் விரிகிற வீடியோ இருக்கிறதா?" என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

போடும்போது மோதிரத்தைக் கழற்றி, நகம் வெட்டி, மிகக் குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். இருபது நிமிடம் போதும். தூங்கும்போது போடவே கூடாது. விரலின் அடிமூட்டு பின்பக்கமாக வளைந்து, நடுமூட்டு மடங்கியபடியே இருந்தால் கையுறை விரலை விரிக்கவில்லை, அடிமூட்டைத்தான் கெடுக்கிறது, நிறுத்திவிடுங்கள். கழற்றியதும் தோலைப் பாருங்கள்: சிவப்புத் தடம் அரைமணியில் மறையாவிட்டால் அழுத்தம் அதிகம். கை வீங்கி, சூடாகி, பளபளத்து, தொட்டாலே வலித்தால் அது வேறு பிரச்சினையாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, உங்கள் சித்தி மகன். கண்ணாடி வெட்டி ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் விரலை மடக்கும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அறுந்து தைத்திருப்பார்கள். சிலருக்கு நரம்பும் சேர்ந்து அறுந்திருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும், பாருங்கள். இரண்டில் எதுவானாலும் அவனுக்கு இந்தக் கையுறை வேண்டவே வேண்டாம். அப்பாவுக்கு மூளையில் சேதம், தசைநாண் முழுசாக இருக்கிறது. அவனுக்கு நேர்மாறு: மூளை சரியாக இருக்கிறது, தைத்த இடம் இன்னும் பலவீனம். மூன்றாவது வாரத்தில் இயந்திரம் விரலை நேராக இழுத்தால் தையல் பிரிந்துவிடலாம், பிரிந்தால் மறு ஆபரேஷன். அதற்காக அசைக்காமலே வைத்திருந்தாலும் தசைநாண் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொண்டு விரல் மடங்காமல் போகும். எந்த அளவு, எந்தத் திசையில், எந்த ஸ்பிளிண்டுக்குள் (கையைத் தாங்கிப் பிடிக்கும் கட்டுக்குள்) அசைக்கலாம் என்று ஆபரேஷன் செய்த டாக்டரும் கைப் பயிற்சி தெரிந்த தெரபிஸ்டும் வாரா வாரம் பார்த்துச் சொல்ல வேண்டும். பொதுவாக ஆறு வாரம் வரை ஸ்பிளிண்ட், எடை தூக்கப் பன்னிரண்டு வாரம் என்பது வழக்கம். அவன் விஷயத்தில் அவன் டாக்டர் சொல்வதுதான் கணக்கு. இதுவரை யாரும் பயிற்சி சொல்லிக்கொடுக்கவில்லை என்றால், இந்த வாரமே போகச் சொல்லுங்கள்.